பைத்தான் இலவசம், வகுப்புக்குத்தான் விலை

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் கோடிங், அதாவது கணினி நிரல் எழுதுவது, பற்றியவை. பைத்தான், ஜாவா என்பவை அப்படி நிரல் எழுதும் மொழிகள். கற்க நினைப்பவர்களைவிட, கற்றுத் தருகிறேன் என்றவரிடம் பணம் கட்டிவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஸ்கேன் செய்த டெலிவரி ஆர்டர் பிடிஎஃப்களுக்குப் பெயர் மாற்றி, மாதவாரியாக ஃபோல்டரில் போட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் இதிலேயே போகிறது. ஒரு பயிற்சி நிலையம் ஆறு மாதப் பைத்தான் வகுப்புக்கு 2,800 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறது. பக்கத்து மேசைத் தம்பி ஜாவாதான் படிக்க வேண்டும் என்கிறார். எது சரி? — பூன் லே வாசகி

பதில்: பைத்தான். வகுப்பு இப்போதைக்கு வேண்டாம்.

ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது, பெயரைப் படிப்பது, புதுப் பெயர் கொடுப்பது, இடம் மாற்றுவது. உங்கள் வேலை இவ்வளவுதான். இதற்கான பாத்லிப், ஷூட்டில் என்ற ஆயத்த நிரல் தொகுப்புகள் இரண்டும் பைத்தானோடு கூடவே வருகின்றன. இருபது வரிக்குள் நிரல் முடிந்துவிடும். ஜாவாவிலும் செய்யலாம். ஆனால் முதல் கோப்பைத் தொடுவதற்குள் கிளாஸ், மெத்தட் என்று ஏகப்பட்ட சடங்கு உண்டு. தம்பி அதில் வேலை தேடுகிறார் என்றால் அவருக்கு அது சரி.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஸ்கேனர் உங்கள் கோப்புக்கு என்ன பெயர் வைக்கிறது? ஆர்டர் எண் பெயரிலேயே இருந்தால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். 'ஸ்கேன்0001' என்று மொட்டையாக இருந்தால், எண் படத்துக்குள் இருக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் வேண்டும். அது இன்னொரு பாடம். 2,800 வெள்ளி கேட்டவர் இதை உங்களிடம் விசாரித்தாரா? விசாரித்திருக்க மாட்டார்.

அப்புறம், நிரலை உண்மையான கோப்புகள் மேல் முதலிலேயே ஏவிவிடாதீர்கள். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் திரையில் காட்டும்படி மட்டும் எழுதிப் பாருங்கள். சரியாக வந்தால் ஒரு நகல் ஃபோல்டரில் ஓட்டுங்கள். விண்டோஸில் அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் பைத்தானின் பெயர்மாற்றக் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். மேக்கில் சத்தமே இல்லாமல் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்துவிடும்.

புத்தகத்துக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் 005.133 என்ற எண்ணில் தேடுங்கள். பழைய புத்தகம் வாங்கினால் பைத்தான் 3 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது. பிராஸ் பாசாவில் நான் மலிவாக வாங்கிய தடிப் புத்தகம் அந்த ரகம். இன்று மானிட்டருக்கு முட்டுக்கொடுக்கிறது.

கேள்வி: அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். பைத்தானுக்கு வழி? — உட்லண்ட்ஸ்

பதில்: பவர்ஷெல். கட்டளைகளை எழுதி ஓட்டும் கருவி, விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்கிரிப்ட், அதாவது எழுதி வைத்த கட்டளைக் கோப்பு, ஓட்டுவதை விண்டோஸ் வழக்கமாகப் பூட்டி வைத்திருக்கும். திறக்கச் சொல்லி ஐடி பிரிவிடம் கேளுங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 68. நேற்று முன்தினம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, பேரனுக்கு '12 கணினி மொழிகள்' அடங்கிய தொகுப்பு என்று ஒரு பென்டிரைவும் புத்தகங்களும் காட்டினார்கள். 1,600 வெள்ளி. 400 முன்பணம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மகள் திட்டுகிறாள். — ஈசூன் தாத்தா

பதில்: இவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

ஐயா, வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றால், அந்த ஒப்பந்தத்தை 5 வேலை நாளுக்குள் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஃபோனில் சொன்னேன் என்பது செல்லாது. கடிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி என்று பள்ளிப் பிள்ளை தொடக்கூடிய எந்த மொழிக்கும் காசு கிடையாது. பன்னிரண்டையும் பென்டிரைவில் போட்டு விற்பவன், கிழக்குக் கடற்கரைக் காற்றைப் பாட்டிலில் அடைத்து, பக்கத்திலேயே இருக்கும் பிடோக்கில் விற்பவன்.

கேள்வி: 40 வயதாகிவிட்டது. பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் வீணாகிவிடுமோ என்று ஏதாவது கோடிங் வகுப்பில் சேரப் போகிறேன். — செங்காங்

பதில்: வீணாகாது. 2024 மே மாதம் அறிமுகமான அந்த 4,000 வெள்ளிக்குக் காலக்கெடு இல்லை. 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது 2020-ல் கொடுத்த கூடுதல் 500 வெள்ளிதான். 'ஏதாவது' என்று சொல்லிக்கொண்டு எதிலும் சேராதீர்கள்.

கேள்வி: வகுப்புக்கு வரவே வேண்டாம், கிரெடிட்டில் பாதியை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். — பெயர் வேண்டாம்

பதில்: அது குற்றம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மானியத்தில் ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைப் போலி விண்ணப்பங்களால் சுருட்டிய கும்பல் 2017-ல் பிடிபட்டது. அவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிப் படியுங்கள்.

கேள்வி: கோயில் உறுப்பினர் பட்டியலைத் தமிழில் வைத்திருக்கிறோம். பைத்தானில் வரிசைப்படுத்தி சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக எழுதினேன். எக்செல்லில் திறந்தால் குப்பை எழுத்தாக வருகிறது. கணினிக் கடையில் 'தமிழ் பேக்' போட 120 வெள்ளி கேட்கிறார்கள். — தெம்பனிஸ் செயலாளர்

பதில்: ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. எக்செல்தான் தப்பாகப் படிக்கிறது. என்கோடிங் என்பது எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாகப் பதியும் முறை. கோப்பை எழுதும் இடத்தில் யூடிஎஃப்-8 என்பதற்குப் பதில் யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று என்கோடிங் கொடுங்கள். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்று சேரும். அதைப் பார்த்து எக்செல் புரிந்துகொள்ளும். நிரலைத் தொட விருப்பமில்லையா? எக்செல்லின் டேட்டா பகுதி வழியாக அதே கோப்பை உள்ளே இழுத்து, 65001 (யூடிஎஃப்-8) என்ற என்கோடிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு. கட்டண வகுப்புகள் கோப்பு கையாளுதலுக்கு ஒரு பாடம் ஒதுக்கி, அதில் ஆங்கிலத்தில் ஒரு ஹலோவை எழுதிப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் எந்தத் தப்பும் வெளியே தெரியாது. முருகன் என்று எழுதிப் பார்க்கட்டும். நமக்கு நான்கு எழுத்து. உகரக் குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணி பைத்தான் ஏழு என்று சொல்லும். கோப்பில் 21 பைட். பெயரை முதல் மூன்று எழுத்தோடு வெட்டு என்று நிரலுக்குச் சொன்னால் 'முர' என்று அரைகுறையாக நிற்கும். என்கோடிங் சொல்லாமல் விட்டால் ஆங்கில விண்டோஸில் பல பதிப்புகள் தமிழை எழுத மறுத்துப் பிழை காட்டும். உறுப்பினர் பெயரைத் தமிழில் வைத்திருக்கும் ஊரில், பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருபவர் இதைச் சொல்ல வேண்டாமா? 1997-ல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு நடந்ததே இந்தச் சிங்கப்பூரில்தான். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி இங்கே ஆசிரியராக இருந்தவர். எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று இருந்த காலத்தில் அவர்கள் பட்ட பாடு பெரிது. இன்று எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடாக யூனிகோட் வந்து எல்லாம் சரியான பிறகு, இல்லாத வியாதிக்கு 120 வெள்ளி மருந்து.

பட்டியலில் பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இருந்தால் மட்டும் அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கும் இலவச மாற்றிகள் இருக்கின்றன.

கேள்வி: கோப்புகளைக் கையாளப் பைத்தான் கற்க 3,000 வெள்ளி கேமிங் லேப்டாப் தேவையா? — பொங்கோல்

பதில்: தேவையில்லை. 8 ஜிபி நினைவகம் உள்ள பழையது போதும். கோளாறான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் 'லெமன்' சட்டம் பழையதுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. ஆனால் விசைப்பலகையைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு மலிவாக வந்த லேப்டாப் ஜப்பானுக்காகச் செய்தது. ஆங்கில விசைப்பலகை அமைப்பில் ஓட்டும்போது, அட் குறி அச்சிட்ட விசையை அழுத்தினால் சதுர அடைப்புக்குறி வரும். முக்காற்புள்ளி (:) விசையில் மேற்கோள்குறி வரும். பைத்தானில் முக்காற்புள்ளி இல்லாமல் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைகூட எழுத முடியாது.

கேள்வி: 'ஆயுள் முழுவதும் பார்க்கலாம்' என்று பத்து கோடிங் பாடங்களை 49 வெள்ளிக்குப் போன வருடம் வாங்கினேன். ஒன்றுகூடப் பார்க்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? — அங் மோ கியோ

பதில்: எதற்கு?

கேள்வி: ஏஐ செயலி ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். அது எழுதிக் கொடுத்த பைத்தான் நிரலை அப்படியே ஓட்டினேன். இரட்டைப் படங்களை அழிக்கச் சொன்னால் தம்ப்டிரைவில் இருந்த குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டன. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. நஷ்டஈடு கேட்கலாமா? — பிடோக்

பதில்: கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் வெளியீட்டைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு என்று இருக்கும். நிரலையும் படிக்கவில்லை. நகலும் எடுக்கவில்லை. பைத்தானின் அழிக்கும் கட்டளை ரீசைக்கிள் பின் பக்கமே போகாது, நேராக அழித்துவிடும்.

படங்கள்தான் முக்கியம் என்றால் அந்த டிரைவைக் கழற்றி வையுங்கள், அதில் எதையும் புதிதாக எழுதாதீர்கள். மேலே எழுதாதவரை மீட்பு மென்பொருள் கொஞ்சமாவது எடுத்துத் தரும். கட்டணம் கட்டும் முன், எதெல்லாம் மீளும் என்று இலவசமாகக் காட்டுகிற மென்பொருளாகப் பாருங்கள்.