தடுப்பூசி போட்டாலே என் குதிரைக்கு கழுத்து வீங்கி காய்ச்சல் வருது, அடுத்த தடவை போடலாமா வேண்டாமா?

போடுங்க, ஆனா போடற விதத்த மாத்துங்க. எங்ககிட்ட இருக்கற பெண் குதிரைக்கும் இதே பிரச்சனைதான், ஊசி போடற சமயம் வந்தாலே எனக்கு வயித்த கலக்கும், அதனால டாக்டர்கிட்ட கேட்டு கத்துக்கிட்டதையும் நான் பாத்ததையும் சொல்றேன்.

மொதல்ல எது சாதாரணம் எது ஆபத்துன்னு தெரிஞ்சுக்குங்க. போட்ட எடத்துல வீக்கம், லேசான காய்ச்சல், மந்தமா நிக்கிறது இதெல்லாம் பெரும்பாலும் 1-2 நாள்ல தானா அடங்கிடும். குதிரையோட நார்மல் டெம்பரேச்சர் 99-லேர்ந்து 101.5 டிகிரி ஃபாரன்ஹீட், ஊசிக்கு முந்தின நாளே ஒரு தடவ எடுத்து எழுதி வெச்சுட்டா அப்புறம் எவ்வளவு ஏறிச்சுன்னு புரியும். ஆனா உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வர்றது, மூஞ்சி வீங்கறது, மூச்சு வாங்கறது, தள்ளாடி விழறது, இது அலர்ஜி, நிமிஷக் கணக்குல முத்திடும், டாக்டர் எபிநெஃப்ரின்ங்கற அவசர அலர்ஜி ஊசிய போட்டாதான் உண்டு. அதனால ஊசி போட்ட உடனே அவர அனுப்பிடாதீங்க, கொஞ்ச நேரம் இருக்க சொல்லுங்க, அன்னிக்கு பூரா நீங்களும் குதிரை பக்கத்துலயே இருங்க.

"சாப்பிட மாட்டேங்குது"ன்னு நிறைய பேர் பயப்படறாங்க இல்ல, அதுல பாதி பசியில்லாம இல்லங்க. எங்களுது கீழ போட்ட புல்லையே பாத்துக்கிட்டு நிக்கும், தலைய கொஞ்சம் எறக்கும், கழுத்து வலிக்கும்போல, பாதியிலயே நிறுத்திட்டு மறுபடி நிமிந்துக்கும். புல்ல நெஞ்சு உயரத்துக்கு தூக்கி கட்டினதும் கடகடன்னு சாப்பிட்டுச்சு. தண்ணி பக்கெட்டையும் அப்படியே மேல தூக்கி மாட்டிடுங்க, ஏன்னா தண்ணி குடிக்காம விட்டா கோலிக், அதாவது கடுமையான வயித்து வலி, வரும், அதுதான் பெரிய தலைவலி. மறுநாள் சும்மா கட்டிப்போடாம மெதுவா நடக்க விடுங்க, சதை இறுக்கம் குறையும்.

இப்ப முக்கியமான விஷயம். எல்லா ஊசியையும் ஒரே நாள்ல போடாதீங்க. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 2-லேர்ந்து 4 வாரம் இடைவெளி விட்டு தனித்தனியா போட சொல்லுங்க, செலவும் அலைச்சலும் கூடும்தான், ஆனா எந்த ஊசி ஒத்துக்கலன்னு அப்பத்தான் புடிபடும், அஞ்சாறு நோய்க்கு சேத்து வர்ற காம்போ ஊசில அது தெரியவே தெரியாது. பல சமயம் பிரச்சனை நோய்க்கான மருந்துல இல்ல, எதிர்ப்பு சக்திய தூண்ட கூட சேக்கற அட்ஜுவன்ட்ல இருக்கும், அதனால அதே நோய்க்கு வேற கம்பெனி ஊசிய மாத்தி பாக்கறதும் உண்டு. கழுத்துல எந்த பக்கம் போட்டாங்கன்னும் குறிச்சுக்குங்க, அடுத்தது மறுபக்கம். புட்டத்துல மட்டும் வேண்டாம், அங்க சீழ் கட்டினா வெளிய வடியறது ரொம்ப கஷ்டம்.

முன்கூட்டியே வலி மருந்து குடுக்கலாமான்னா, எங்க டாக்டர் ஃப்ளுனிக்சின் குடுப்பார், உங்களுக்கு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஒண்ணு மட்டும் சொல்றேன், ஃப்ளுனிக்சின நீங்களா எடுத்து சதையில குத்திடாதீங்க, க்ளாஸ்ட்ரிடியம் கிருமி புகுந்து சதையே அழுகி உயிருக்கே ஆபத்தாயிருக்கு பல குதிரைங்களுக்கு. பியூட்டுன்னு சொல்ற இன்னொரு வலி மருந்தையும் (ஃபெனைல்பியூட்டசோன்) ஃப்ளுனிக்சினையும் சேத்தும் குடுக்காதீங்க, வயித்துல புண்ணு வரும், கிட்னியும் அடிவாங்கும்.

ஊசி போட்ட அப்புறம் குளம்பையும் தொட்டு பாருங்க. ஏற்கனவே லாமினைட்டிஸ் (குளம்புக்குள்ள வர்ற அழற்சி) வந்த குதிரையா இருந்தா, குளம்பு சுட்டாலோ நடக்க தயங்கினாலோ அன்னிக்கே டாக்டர கூப்பிடணும்.

ஒத்துக்கலன்னு மொத்தமா நிறுத்தறவங்கள பாத்தா எனக்கு பதறுது. டெட்டனஸ் குதிரைய புடிக்கற மாதிரி மத்த பிராணிகள புடிக்காது, குளம்புல ஒரு ஆணி ஏறினா போதும். ரேபிஸ் வந்துட்டா காப்பாத்தவே முடியாது. மூச்சுத் திணறல் அளவுக்கு ஏற்கனவே போன குதிரைன்னா மட்டும் கதை வேற, அதுக்கு எத போடறது எத விடறதுன்னு டாக்டரோட உக்காந்து பேசித்தான் முடிவெடுக்கணும். போன தடவ போட்ட பாட்டில் லேபிள் இருக்கான்னு தேடுங்க, பேட்ச் நம்பரோட அத போட்டோ எடுத்து, வீக்கம் வந்தப்ப எடுத்த போட்டோ இருந்தா அதையும் சேத்து, அடுத்த ஊசிக்கு முன்னாடியே டாக்டருக்கு அனுப்பிடுங்க.