கனடாவில் ஒரு பெரிய தொழிற்சாலைக் கட்டடம் குளிர்காலம் முழுக்க இழக்கும் வெப்பத்தை எப்படி மதிப்பிடுவது?

சுவரையும் கூரையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பாதிகூடத் தேறாது. இந்த மாதிரிக் கட்டடங்களில் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவது காற்றுதான்.

டொராண்டோவில் 100 மீட்டர் நீளம், 50 அகலம், 10 உயரத்தில் ஒரு ஷெட் என்று வைப்போம். கூரை 5,000 சதுர மீட்டர், சுவர் 3,000. யூ மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக வெளியேறும் வாட், கூரைக்கு 0.3, சுவருக்கு 0.5 என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 3 கிலோவாட் வெளியேறும். தரையோரக் கசிவை இப்போதைக்கு விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று 50,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி வேண்டும். எனவே மணிக்கு அதில் பாதி மாறினாலே (25,000 × 0.33) டிகிரிக்கு இன்னொரு 8.25 கிலோவாட். ஆக 11.25.

இதை 24 மணி நேரத்தாலும் டிகிரி-டேயாலும் பெருக்க வேண்டும். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் 18 டிகிரிக்கு எவ்வளவு கீழே இருந்தது என்று ஆண்டு முழுக்கக் கூட்டினால் வருவதுதான் டிகிரி-டே. டொராண்டோவுக்கு 3,500 முதல் 4,000 வரை வரும். 3,800 என்று எடுத்தால் சுமார் 10.3 லட்சம் யூனிட்.

ஆனால் அந்த 18 வீட்டுக்குச் சரி, தொழிற்சாலைக்குச் சரிவராது. மெஷினும் விளக்கும் சேர்ந்து சராசரியாக 60 கிலோவாட் உள்ளே கொட்டினால், ஹீட்டர் இல்லாமலே 5 டிகிரி ஏறிவிடும். உள்ளே 18 டிகிரி போதும் என்றால், 13 டிகிரியை அடிப்படையாக வைத்து, தினசரி வானிலைத் தரவிலிருந்து டிகிரி-டேயைப் புதிதாகக் கூட்டுங்கள். விடை நன்றாகவே குறையும்.

அப்புறம் எக்ஸாஸ்ட், அதாவது உள்காற்றை வெளியே தள்ளும் விசிறிகள். விநாடிக்கு 10 கன மீட்டர் இழுக்கும் ஒரு பெயின்ட் பூத் இருந்தால், அது மட்டுமே டிகிரிக்கு 12 கிலோவாட். முழுக் கட்டடத்தையும் விட அதிகம்! ஷிஃப்ட் நேரத்தில் மட்டும் ஓடுவதால் அதற்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

காற்று மணிக்குப் பாதி மாறுகிறது என்பது வெறும் ஊகம்தானே? அதனால் ஏற்கெனவே ஓடும் கட்டடம் என்றால் நான் முதலில் கேட்பது இரண்டு வருட கேஸ் பில். மாதாந்திரப் பயன்பாட்டை அந்தந்த மாத டிகிரி-டேக்கு எதிராக வரைந்தால் ஏறக்குறைய ஒரு நேர்கோடு வரும். கோட்டின் சரிவை ஹீட்டரின் செயல்திறனால் பெருக்கினால் கிடைப்பதுதான் உண்மையான இழப்பு விகிதம். கோடு தொடங்கும் உயரம், கோடையிலும் எரியும் கேஸ். புள்ளிகள் கோட்டை விட்டுச் சிதறிக் கிடந்தால் லோடிங் கதவுகளையும் தெர்மோஸ்டாட்டையும் போய்ப் பாருங்கள்.