பழைய கார்ல பல்பு புதுசா மாத்தியும் ஹெட்லைட் மங்கலாவே எரியுதே, ஏன்?

முக்காவாசி நேரம் காரணம் வோல்டேஜ் டிராப் தான். அதாவது பேட்டரில இருந்து கிளம்புற 12 வோல்ட் பல்புக்கு போய் சேர்றதுக்குள்ள வழியிலயே கொஞ்சம் காணாம போறது. வீட்டு டேங்க்ல தண்ணி நிறைய இருக்கும், ஆனா பழைய இரும்பு பைப்புல துரு அடைச்சு குழாய்ல நூல் மாதிரி வரும்ல, அதே கதைதான்.

60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55) பல்பு ரெண்டு சேர்ந்தா சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், பழைய வண்டிகள் பலதுல ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற தனி சுவிட்ச்) கிடையாது, அவ்ளோ கரண்டும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாவே போய் வருது, அங்க கான்டாக்ட் கருகினா போச்சு. வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும்.

முதல்ல எர்த் (கரண்ட் பல்புல இருந்து வண்டி பாடி வழியா பேட்டரிக்கு திரும்புற வயர்) பாருங்க, ப்ளீஸ், எல்லாரும் விடுறது இதைத்தான். அந்த வயரை பாடில மாட்டின போல்ட்டை கழட்டினா அடியில பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கும், உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியுற வரை தேய்ச்சு இறுக்குங்க. அப்புறம் லைட் எரியும்போதே மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொன்னை பல்பு ஹோல்டர் பிளஸ்லயும் வைங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா வயர்லயோ சுவிட்ச்லயோ கோளாறு. பேட்டரிலருந்து நேரா ஃபியூஸோட ரிலே போட்டுட்டா சுவிட்சும் தப்பிக்கும்.

வாட் கூடின பல்பு போட்டா சரியாயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது இன்னும் அதிக கரண்ட் இழுத்து டிராப்பை கூட்டும், ஹோல்டரும் உருகிடும்.