கேள்வி–பதில்: கைமாறிய மதிப்பும் கம்பைலரின் கணக்கும்

கேள்வி: ரஸ்ட் மொழி பழகி வருகிறேன். ‘கடிதம்’ என்று ஒரு ஸ்ட்ரிங் மாறியை வைத்து, ஓர் இஃப் கிளைக்குள் மட்டும் அதை ‘அனுப்பு’ என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தேன். இஃப் முடிந்த பிறகு ‘கடிதம்’ மாறியைத் திரையில் காட்ட முயன்றதும், இ0382 (கைமாறிய மதிப்பைப் பயன்படுத்துவது) என்ற பிழையைச் சொல்லிக் கம்பைலர் நின்றுவிட்டது. அந்த நிபந்தனை என் நிரலில் எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும். நடக்கவே நடக்காத ஒன்றுக்காக நிரலை மறுப்பது என்ன நியாயம்?

பதில்: ரஸ்டில் ஒரு ஸ்ட்ரிங்கை ஃபங்ஷனிடம் கொடுத்தால் அதன் உரிமை கைமாறிவிடும். முதலில், கைமாறுவது எது என்று பார்த்துவிடுவோம். 64 பிட் கணினியில் ஒரு ஸ்ட்ரிங் மாறி ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் இருக்கும் நினைவகத்தில்) 24 பைட் இடம் பிடிக்கிறது. எழுத்துகள் இருக்கும் ஹீப் (கேட்டுப் பெற்று, பிறகு விடுவிக்கும் நினைவகம்) முகவரி, நீளம், கொள்ளளவு ஆகிய மூன்றுக்கும் தலா 8 பைட். ‘கடிதம்’ உங்கள் ஃபங்ஷனுக்குப் போகும்போது இந்த 24 பைட்டுக்கு மட்டுமே நகல் எடுக்கப்படுகிறது. ஹீப்பில் உள்ள எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; பழைய 24 பைட்டையும் யாரும் துடைப்பதில்லை. இப்படியே விட்டால் ஒரே ஹீப் முகவரியை இரண்டு இடங்கள் வைத்துக்கொண்டு, இரண்டும் தத்தம் முறை வரும்போது அதை விடுவித்து, ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்படும் ஆபத்து உண்டு. ஆகவே பழைய இடம் இனிச் செல்லாது என்று கம்பைலர் தன் கணக்கில் குறித்துக்கொள்கிறது. மதிப்பின் பைட்டுகளில் அதற்கு எந்த அடையாளமும் இல்லாததால், கம்பைலர் பின்தொடர்வது மதிப்பை அல்ல, அது குடியிருந்த இடத்தைத்தான்.

இந்தக் கணக்கு நீங்கள் எழுதிய வரிகளின் மேல் நடப்பதில்லை. கம்பைலர் உங்கள் நிரலை முதலில் ‘மிர்’ எனப்படும் இடைநிலை வடிவத்துக்கு மாற்றுகிறது. உரிமைச் சோதனை இந்த வடிவத்தின் மேல் நடக்கும் முறை, 2018 டிசம்பரில் 1.31 பதிப்போடு வெளிவந்த 2018 எடிஷனில் பயன்பாட்டுக்கு வந்தது. இஃப், வைல், மேட்ச் ஆகிய எல்லாம் இதில் கரைந்துபோய், சிறு சிறு கட்டங்களும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வழிகளும் மட்டுமே மிஞ்சும். ஒரு மாறியின் மதிப்பு எடுக்கப்படும் ஒவ்வோரிடத்திலும் அது நகலா, கைமாற்றமா என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். எண்கள், பூல் (மெய்/பொய் மதிப்பு), படிக்க மட்டும் உரிமை தரும் ரெஃபரன்ஸ் (மதிப்பைச் சுட்டும் முகவரி) ஆகியவை நகலாகும். ஸ்ட்ரிங், வெக் (நீளக்கூடிய பட்டியல்), மாற்ற உரிமை தரும் ரெஃபரன்ஸ் ஆகியவை கைமாறும்.

இனி ஒவ்வொரு மாறிக்கும், ஒரு ஸ்ட்ரக்ட்டிலிருந்து (பல புலங்களை ஒன்றாகக் கட்டிய வகை) தனியாகக் கைமாறும் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பிட் ஒதுக்கப்படுகிறது. ‘இந்த இடம் இப்போது காலியாக இருக்கக்கூடுமா?’ என்பதே அந்த பிட் சொல்லும் செய்தி. மதிப்பு வைத்தால் பிட் அணையும், கைமாறினால் எரியும். உங்கள் நிரலில் இஃப்புக்குள் நுழைந்த வழியில் ‘கடிதம்’ காலியாகிறது, நுழையாத வழியில் நிறைவாகவே இருக்கிறது. இரண்டு வழிகளும் கூடும் கட்டத்தில் ஏதாவது ஒரு வழியில் பிட் எரிந்திருந்தாலும் அது எரிந்ததாகவே கொள்ளப்படும். அதன்பின் நீங்கள் ‘கடிதம்’ மாறியைத் தொட்டதும் இ0382 வருகிறது. சுழற்சி இருந்தால், அதன் அடியிலிருந்து தலைக்குத் திரும்பும் வழியையும் சேர்த்து, பிட்டுகளில் மாற்றம் நிற்கும்வரை கணக்கு திரும்பத் திரும்பப் போடப்படும். முந்தைய சுற்றிலேயே கைமாறிவிட்டது என்று பிழைச் செய்தி சில சமயம் சுட்டிக்காட்டுவது இதனால்தான்.

நிபந்தனை மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சி இந்தக் கணக்கில் கிடையாது. மதிப்பு தராமல் அறிவித்த ஒரு மாறிக்கு, ‘லூப்’ சுழற்சிக்குள் மதிப்பு வைத்து, பிரேக் போட்டு வெளியே வந்து பயன்படுத்தினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். அதையே ‘வைல் ட்ரூ’ என்று எழுதினால் இ0381 (மதிப்பு வைக்காத மாறியைப் பயன்படுத்துவது) சொல்லி மறுக்கும். வைலுக்கு எப்போதும் ஒரு வெளிவாசல் உண்டு என்றே அது எடுத்துக்கொள்கிறது. இதைப் பிடிவாதம் என்று நீங்கள் சொல்லலாம்; எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. கம்பைலரின் சாமர்த்தியத்தைப் பொறுத்து விதி மாறிக்கொண்டிருந்தால், ஒரு நிரல் ஏன் செல்லும், ஏன் செல்லாது என்று வரிகளைப் படித்தே சொல்ல முடியாமல் போகும்.

கிளையின் முடிவில் ரிட்டர்ன் போட்டால் அந்த வழி கூடும் கட்டத்துக்கு வராது, பிழையும் வராது. ‘அனுப்பு’ ஃபங்ஷன் படிக்க மட்டுமே செய்கிறது என்றால் ரெஃபரன்ஸ் கொடுங்கள். குளோன் (முழு நகல்) போட்டுத் தப்பிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். (1.53 பதிப்பிலிருந்து ரஸ்டில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடிகிறது; நீங்கள் வைத்திருப்பதில் மகிழ்ச்சி.)

கேள்வி: இஃப்புக்குள் கைமாறிய மாறியைப் பிறகு தொடவே இல்லை என்றால் கம்பைலர் சம்மதிக்கிறது. அப்படியானால் ஃபங்ஷன் முடியும்போது அதன் நினைவகத்தை விடுவிப்பதா வேண்டாமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

பதில்: அதற்குத் தெரியாது, நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். மேலே சொன்ன கணக்கோடு, ‘நிறைவாக இருக்கக்கூடுமா?’ என்ற இன்னொரு கணக்கையும் கம்பைலர் வைத்திருக்கிறது. நிச்சயம் நிறைவு என்றால் விடுவிக்கும் கட்டளை நிற்கும். நிச்சயம் காலி என்றால் அந்தக் கட்டளையே நீக்கப்படும். இரண்டுக்கும் இடமிருந்தால் ட்ராப் ஃப்ளாக் எனப்படும் ஒரு பூல் மாறியைக் கம்பைலர் தானாகவே சேர்த்து, கைமாறும் இடத்தில் அதை அணைத்து, இறுதியில் அதைப் பார்த்து முடிவு செய்கிறது. 2015 மே மாதம் 1.0 பதிப்பு வெளிவந்தபோது இந்தக் கொடி, ட்ராப் (மதிப்பை விடுவிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) எழுதப்பட்ட வகைகளின் மதிப்புக்குள்ளேயே மறைவாகக் கிடந்து, அவற்றின் அளவைக் கூட்டியது. இப்போது அது தேவைப்படும் ஃபங்ஷனின் ஸ்டாக்கில் மட்டும் இருக்கிறது.

ஸ்ட்ரக்ட்டின் ஒரு புலம் மட்டும் கைமாறியிருந்தால், எஞ்சிய புலங்கள் தனித்தனியே விடுவிக்கப்படும். ஆனால் அந்த ஸ்ட்ரக்ட்டுக்கு நீங்களே ட்ராப் எழுதியிருந்தால் புலத்தைப் பிய்த்தெடுக்க அனுமதி இல்லை (இ0509), ஏனென்றால் உங்கள் ட்ராப் முழு மதிப்பையும் எதிர்பார்க்கும்.

கேள்வி: சி++ மொழியிலும் ஸ்டட் மூவ் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ஸ்டட் மூவ் தானாக எதையும் நகர்த்துவதில்லை. உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வகையை மாற்றிக் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. எடுக்கப்பட்ட பிறகும் பழைய ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும், அதன் டிஸ்ட்ரக்டரும் (ஆப்ஜெக்டை அழிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) ஓடும். அதை மறுபடி தொட்டால் தடுக்கும்படி மொழியின் விதி கம்பைலரைக் கேட்பதில்லை. கிளாங் டைடி போன்ற தனிக் கருவிகள்தான் எச்சரிக்கும்.

கேள்வி: ஓர் அரேயில் ஐ-ஆவது உறுப்பை மட்டும் கைமாற்ற முடியவில்லையே, ஏன்?

பதில்: ஐ-யின் மதிப்பு நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்பதால், எந்த இடத்தின் பிட்டை எரிப்பது என்று கம்பைலரால் சொல்ல முடியாது. ஐ-க்குப் பதில் 0 என்று நேரடியாக எழுதினாலும் இ0508 பிழைதான் வரும். ஆனால் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் கொடுத்து பேட்டர்னாகப் பிரித்தால் ஏற்றுக்கொள்ளும். ஓர் உறுப்பு மட்டும் போதும் என்றால் ‘மெம் ரீப்ளேஸ்’ வழியாக அங்கே வேறொரு மதிப்பை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்ளலாம். வெக் என்றால் ‘ஸ்வாப் ரிமூவ்’ கைகொடுக்கும், உறுப்புகளின் வரிசை குலைவதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால்.