நார்ஃபோக் வடகரையில் நான்கு நாள்: ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஆகஸ்டில் இரண்டு குழந்தைகளோடு இங்கிலாந்தின் நார்ஃபோக் வடகரையில், பிளேக்னி பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு நாள் தங்கப்போகிறோம். கார் இருக்கிறது. என்னென்ன செய்யலாம்?

இடங்களைப் பட்டியல் போடும் முன், கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, அந்த நான்கு நாளுக்கும் கடல் ஏறும் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம். இன்று காலை 9 மணிக்கு என்றால் நாளை ஏறக்குறைய 9.50. சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும்; கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் படகைத் தவறவிடுபவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். ஹன்ஸ்டன்டனில் அப்போது நீர்மட்டம் 6 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். மெரினாவில் ஒரு மீட்டரளவு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புரியவே ஒரு நாளாகும். பிளேக்னி படகுத்துறையில் கார் நிறுத்துமிடமே மூழ்கும். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

சீல் என்ற கடல் பாலூட்டிகளைப் பார்க்கும் படகுகள் மார்ஸ்டன் துறையிலிருந்து கிளம்பும். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்போதுதான் ஓட முடியும் என்பதால் புறப்படும் நேரம் தினமும் மாறும். ஆகஸ்டில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சாம்பல் சீல்கள் குட்டி போடுவது குளிர்காலத்தில்; நீங்கள் போகும்போது மணல்திட்டில் படுத்துக் கிடப்பவற்றையும், கூடவே சிறிய இனமான பொதுச் சீல்களையும் பார்க்கலாம். கிளே கடற்கரையிலிருந்து பிளேக்னி முனைக்கு நடந்தும் போகலாம்தான். ஆனால் பெரும்பகுதி கூழாங்கல். ஒவ்வொரு அடியும் பின்னால் சறுக்கும். குழந்தைகளோடு வேண்டாம்.

குழந்தைகளுக்கு என் முதல் சிபாரிசு நண்டு பிடிப்பது. பிளேக்னியிலோ வெல்ஸ் துறையிலோ கடல் ஏற ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிடுங்கள், வற்றினால் சேறுதான். கயிறு, வலைப்பை, வாளி எல்லாம் துறைக் கடைகளிலேயே கிடைக்கும். தூண்டில் முள் வேண்டாம். நண்டுக்கும் ஆகாது, பிள்ளைகள் விரலுக்கும் ஆகாது. வலைப்பையில் பேக்கன் துண்டோ மீன் தலையோ போட்டு, தரையைத் தொடும்வரை இறக்குங்கள். கயிறு லேசாகக் கனத்ததும் மெதுவாக, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நண்டு எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை, இரையைத் தானாகப் பற்றிக்கொண்டு வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடும். நீரைவிட்டு வெளியே வரும் முன் கைவலையைக் கீழே பிடித்தால் பாதி நண்டுகள் தப்பாது.

வாளியில் கடல்நீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. ஒரு வாளிக்குப் பத்துக்கு மேல் போடாதீர்கள். ஆக்சிஜன் தீர்ந்து செத்துப்போகும். வாளி நிழலில் இருக்கட்டும், அவ்வப்போது நீரை மாற்றுங்கள், சண்டை போடுவதைத் தனியே எடுங்கள். கொடுக்குக்குப் பின்னால் ஓட்டின் இரு பக்கமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்தால் கடிக்க எட்டாது. முடிந்ததும் மேலிருந்து வீசாமல் தண்ணீர் ஓரத்தில் இறக்கிவிடுங்கள்.

இவை சமையலுக்கு ஆகாத சிறிய கரை நண்டுகள். சாப்பிட வேண்டியது க்ரோமர் நண்டு. பெரிய, பழுப்பு ஓட்டு வகை. கடைகளில் வேகவைத்துத்தான் விற்பார்கள். 'டிரெஸ்டு கிராப்' என்று கேட்டால் சதையை எடுத்து ஓட்டிலேயே நிரப்பித் தருவார்கள். எலுமிச்சையும் ரொட்டியும் போதும். மசாலா வைத்தே தீருவேன் என்றால் முழு நண்டாக வாங்கி, குழம்பு கொதித்து முடிந்தபின் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் போடுங்கள். பச்சை நண்டு என்று நினைத்து இருபது நிமிடம் வேகவிட்டால் சக்கைதான் மிஞ்சும். மீன்கடையில் சாம்ஃபயர் என்ற உவர்நிலக் கீரையும் அந்த மாதம் கிடைக்கும். இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து வெண்ணெயில் புரட்டுங்கள். உப்பு போட வேண்டாம், அதிலேயே போதுமானது இருக்கிறது.

மணலில் விளையாட வெல்ஸ், ஹோல்கம் கடற்கரைகள். வெல்ஸில் ஒரு ஆபத்து உண்டு. அலை முன்னாலிருந்து வருவதற்குள், மணல்மேட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள வாய்க்கால் பின்னால் நிறைந்துவிடும். அதற்காகவே சைரன் ஒலிக்கிறது. கேட்டதும் பொருட்களை அள்ளிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். 'இன்னும் பத்து நிமிடம்' இங்கே செல்லாது. வாய்க்கால் ஏற்கெனவே நிறைந்திருந்தால் இறங்கிக் கடக்காமல், உயரமான மணலில் நின்று அவசர எண் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டை (கடலோர மீட்புப் பிரிவு) கேளுங்கள்.

ஒரு மாலையை ஹன்ஸ்டன்டனுக்கு ஒதுக்குங்கள். கிழக்கிங்கிலாந்தில் இருந்தும் ஊர் மேற்கு பார்த்தது என்பதால் சூரியன் கடலில் மறையும். வற்றும் நேரம் மாலையில் அமைந்தால் பாறைச்சுவரின் அடிவாரத்தில் நடக்கலாம்: கீழே பழுப்பு மணற்கல், நடுவில் சிவப்புச் சுண்ணாம்பு, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. கல் உதிரும், ஒட்டி நிற்காதீர்கள்.

மழை பெய்தால் ஷெரிங்கமிலிருந்து ஹோல்ட்வரை ஓடும் நீராவி ரயில் இருக்கிறது. சதுப்பு ஓரங்களில் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. ஓத அட்டவணையைப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.