ஒரு பேஸ் போதாதா? கேள்வி பதில்

சேர்த்து வைத்திருக்கும் பேஸ் கிட்டார்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், கேள்வி இருந்தால் கூடவே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். படங்களைப் பார்த்து முடிக்கவே இரண்டு இரவு ஆகிவிட்டது. பொறாமைப்பட்ட இடங்களில் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் ஒரு பி பேஸ் (ஃபெண்டர் ப்ரெசிஷன்), ஒரு ஜே பேஸ் (ஃபெண்டர் ஜாஸ்), போன மாதம் வாங்கிய மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஒன்று. "மூணுக்கும் நாலு கம்பிதானே, நீளமும் ஒண்ணுதான், எதுக்கு மூணு?" என்று மனைவி கேட்கிறார். என்ன சொல்ல?

நியாயமான கேள்விதான். மூன்றிலும் தலைப்பக்கம் கம்பி அமரும் நட்டிலிருந்து உடலில் கம்பி அமரும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம், மூன்றிலும் கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. பெரிய வித்தியாசம், கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு கம்பியை பிரிட்ஜை ஒட்டித் தட்டிப் பாருங்கள், மூக்கால் பேசுவது போல இறுக்கமாக வரும். அதையே நெக் (விரல் வைக்கும் கழுத்து) பக்கம் நகர்ந்து தட்டினால் உருண்டு திரண்டு வரும். பிக்கப்பும் அப்படித்தான், தன் தலைக்கு மேலே கம்பி எப்படி ஆடுகிறதோ அதை மட்டும் கேட்கும்.

லியோ ஃபெண்டர் பி பேஸைக் கொண்டுவந்தது 1951ல். இன்று நாம் பார்க்கும், இரண்டாகப் பிளந்த பிக்கப் அதில் ஏறியது 1957ல். கிட்டத்தட்ட நடுவில் இருப்பதால் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து கத்தினாலும் அதன் சத்தம் அமுங்காது. 1960ல் வந்த ஜே பேஸில் இரண்டு பிக்கப். இரண்டையும் முழுதாகத் திறந்தால் மிட் (நடுத்தர ஒலிகள்) கொஞ்சம் குழியும், பின்னால் ஓடும் 'ம்ம்ம்' இரைச்சலும் அடங்கும். ஒன்றை லேசாகக் குறைத்துப் பாருங்கள், இரைச்சல் எட்டிப் பார்க்கும். 1976ன் ஸ்டிங்ரேயில் பிரிட்ஜ் பக்கம் தள்ளி ஒரே ஒரு பெரிய ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (ஒலியைக் கூட்டும் சர்க்யூட்). ஸ்லாப் (கட்டை விரலால் கம்பியை அறைவது) அடித்தால் பல்லைக் காட்டும்.

மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். ஒரே ஆம்ப், ஒரே வரி, மூன்றிலும் வாசியுங்கள். வித்தியாசம் அவருக்குக் கேட்டுவிட்டால் தப்பித்தீர்கள். கேட்கவில்லை என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: சார், பெரியப்பா விட்டுப்போன சன்பர்ஸ்ட் ஜே பேஸ் இது. 1962 மாடல் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். வால்யூம் பாட்டின் (குமிழைத் திருப்பும்போது சுழலும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் 1376633 என்று இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழங்கை உரசும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதே, அது பெரியப்பா வாசித்த வருடங்கள். அதைத் தயவுசெய்து 'சரி' செய்துவிடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய எண்ணே பதிலைச் சொல்லிவிட்டது. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் அந்தப் பாட் எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரித்தவரைக் குறிக்கும். 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த 66 வருடம், கடைசி 33 வாரம். ஆக இந்தப் பாட் 1966ன் 33வது வாரத்தில் செய்தது. 1962ல் செய்த கிட்டாருக்குள் அது போயிருக்க முடியாது.

யாராவது பிற்பாடு பாட்டை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதனால்தான் ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. நெக்கின் முன்பக்கம், விரல் வைக்கும் ஃப்ரெட்போர்டைப் பாருங்கள், கட்டம் கட்டமாக முத்துக் குறிகள். 1962ல் ஜே பேஸில் புள்ளிகள்தான். கட்டங்கள் 1966ல் வந்தன. பாட்டும் குறியும் ஒரே வருடத்தைச் சொல்கின்றன. பாட்டின் சால்டரும் பழையதாக, மங்கலாக, யாரும் தொடாதது போலத் தெரிகிறது. நெக்கை உடலோடு இறுக்கும் நெக் பிளேட்டில் உள்ள எண்ணை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள், அந்தத் தட்டுகளை வரிசைப்படி மாட்டவில்லை. என்றைக்காவது செட்டப்புக்காக நெக்கைக் கழற்றும்போது அதன் அடியில் தேதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தேதி பார்ப்பதற்காகவே கழற்ற வேண்டாம்.

நாலு வருடம் இளையதாகிவிட்டது என்று வருத்தம் வேண்டாம். இந்தப் பக்கத்துக்கு வந்த படங்களிலேயே எனக்குத் தூக்கம் போனது இதைப் பார்த்துத்தான்.

கேள்வி: என் ஆக்டிவ் பேஸ் (உள்ளே ப்ரீஆம்ப் உள்ளது) மாதம் ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தின்கிறது. ஸ்டாண்டில்தான் நிற்கிறது, வாசிப்பதே குறைவு.

கேபிளைச் செருகியபடியே ஸ்டாண்டில் வைக்கிறீர்கள், படத்தில் தெரிகிறது. கேபிள் செருகும் அந்த ஜாக்தான் பேட்டரிக்குச் சுவிட்ச். பிடுங்கி வையுங்கள்.

கேள்வி: ஆசைப்பட்டு பி பேஸுக்கு ஃப்ளாட்வவுண்ட் (மேலே வழுவழுப்பான கம்பி) போட்டேன். செத்த சத்தமாக இருக்கிறது. பழையபடி சொரசொரப்பான ரவுண்டுக்கே (ரவுண்ட்வவுண்ட்) போய்விடவா?

தனியாக உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும். பாட்டோடு கேளுங்கள். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 பி பேஸ், கனமான ஃப்ளாட் கம்பிகள், வலது கையில் ஒரே விரல். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். அவர் 1983ல் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் அந்த பேஸ் திருடு போனது.

ஒரு மாதம் பொறுங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் கழற்றிச் சுருட்டி உறையில் வையுங்கள். ஃப்ளாட் லேசில் கெடாது, பிறகு வேறு ஒன்றில் போடலாம்.

கேள்வி: கை சின்னது. முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நாலு விரலும் விரியவில்லை. என்னிடம் இருக்கும் மூன்றும் 34 அங்குலம்தான்.

நாலாவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது! கம்பி நீளம் குறைந்த 30 அங்குல ஷார்ட் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். கம்பி தளர்வாக இருக்கும், சத்தம் குண்டாக வரும். சிலர் அதை பொம்மை என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்கில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் ஷார்ட் ஸ்கேல்தான். அவர் இடதுகைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது.

அதே பேஸ் 1972ல் திருடு போய், கிடைத்துவிட்டது என்று 2024ல்தான் அறிவித்தார்கள். இதை எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முன்னழகை மட்டும் படம் எடுக்காமல் சீரியல் எண், கீறல், மர ரேகை எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுத்து, வீட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

கேள்வி: என் பழைய ஜே பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கலாமா? பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் அப்படித்தான் செய்தாராமே.

அப்படித்தான் சொல்வார்கள். 1962 ஜே பேஸ், ஃப்ரெட் இல்லாத பள்ளங்களை நிரப்பி, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸி. ரவுண்ட்வவுண்ட் கம்பி ரோஸ்வுட்டை அரம் போல அராவும் என்பதால்தான் அந்தப் பூச்சு. அப்போது அது அவருக்கு ஒரு பழைய கிட்டார், அவ்வளவுதான். உங்களுடையது இன்று அப்படி இல்லை. படத்தில் பின்வரிசையில் நிற்கும் அந்தப் பச்சையைப் பலி கொடுங்கள், அதன் நெக் நேராகத்தான் தெரிகிறது. ஃப்ரெட்டை சால்டரிங் அயனால் சூடாக்கி மெதுவாக நெம்புங்கள், இல்லாவிட்டால் மரம் சில்லு சில்லாகப் பெயரும். வாசிக்கும்போது விரல் இரண்டு கோட்டுக்கு நடுவே இல்லாமல் கோட்டின் மேலேயே விழ வேண்டும். பழகும் வரை வீட்டில் இருப்பவர்கள் பாவம்.

கேள்வி: அண்ணே, ஆறு பேஸும் சுவரில் மாட்டியிருக்கிறேன். நெக் வளைந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

அருமையான சுவர். தொங்குவதால் நெக் வளையாது. ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் அதை ஆட்டிவைக்கும். 40லிருந்து 60 சதவீதத்துக்குள் நின்றால் போதும். ட்ரஸ் ராடு (நெக்குக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) திருப்ப வேண்டி வந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்று, அப்புறம் சற்று நேரம் விட்டுப் பாருங்கள்.

எனக்குக் கவலை உங்கள் ஹேங்கரில் உள்ள கறுப்பு ரப்பர். பழைய பேஸ்களில் பூசிய நைட்ரோ லாக்கர் சில வகை ரப்பரோடு சேர்ந்தால் இளகும். எனக்கு நடந்தது. வெள்ளை நிற பேஸ் ஒன்றை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இரண்டு மாதம் ஊரில் இல்லை. வந்து எடுத்தபோது பிசுக்கென்று ஒரு ஒலி. ரப்பர் தொட்ட இரண்டு இடத்திலும் லாக்கர் அதோடு போய்விட்டது. பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: உங்களிடம் பதினான்கு இருந்ததாகவும் இப்போது ஆறுதான் என்றும் கேள்விப்பட்டேன். ஏன் விற்றீர்கள்? எத்தனை இருந்தால் போதும்?

எண்ணில் என்ன இருக்கிறது? தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விஸ்டல் எத்தனையோ சேர்த்தார். 2002ல் அவர் போனார், மறு வருடமே பெரும்பகுதி ஏலத்துக்குப் போனது. அவருடைய பிரியமான பேஸ்களில் ஒன்று, உடைந்த ஐந்து பேஸ்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. பெயரே ஃபிராங்கன்ஸ்டைன்.

என் கதைக்கு வருகிறேன். மேலே முதல் கேள்விக்குச் சொன்ன சோதனையை நானே செய்தேன். ஒரே வரியைப் பதினான்கிலும் பதிவு செய்து, மகளை விட்டு வரிசையைக் கலைக்கச் சொல்லிக் கேட்டேன். பி பேஸ் எது, ஃப்ரெட்லெஸ் எது என்று உடனே சொல்லிவிட்டேன். மூன்று ஜே பேஸ்களில் தடுமாறினேன். எதன் டோனைப் பற்றி வருடக்கணக்கில் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேனோ, அதைத்தான் "இது அந்த மலிவு பேஸ்" என்று அடித்துச் சொன்னேன். மகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

காதுக்குப் பிரிந்து கேட்டவை நின்றன, மற்றவை கிளம்பின. அந்த மலிவு பேஸை மட்டும் மகள் விடவில்லை. இப்போது அவள் அறையில் இருக்கிறது, கேட்டால்தான் எனக்குத் தருகிறாள்.