கிரேன் 5 டன் சரி, பெல்ட் எத்தனை டன்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 5 டன் ஓவர்ஹெட் கிரேன் இருக்கிறது. 3 டன் எடையுள்ள ஃபிரேமை இரண்டு பச்சை பெல்ட் போட்டுத் தூக்கினோம். ஒன்றுக்கு 2 டன், ஆக 4 டன் தாங்க வேண்டும். ஆனாலும் ஒன்று அறுந்துவிட்டது. ஷெட் உயரம் குறைவு என்பதால் பெல்ட்டைக் குட்டையாகத்தான் போட்டோம். பெல்ட் போலியா?
- வாசகர், சிப்காட், ராணிப்பேட்டை

பதில்: போலி என்று முடிவுகட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பாதிக் காரணம் அந்த "குட்டையாக" என்பதில் இருக்கிறது. இரண்டு பெல்ட்டும் செங்குத்தாகத் தொங்கினால் ஒவ்வொன்றிலும் 1.5 டன்தான். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் அது 1.73 டன். 45 டிகிரியில் 2.12 டன், பச்சை பெல்ட்டின் வரம்பு இங்கேயே தாண்டிவிட்டது. 30 டிகிரிக்கு இறங்கினால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 3 டன்னை இழுத்துப் பிடிக்க வேண்டும். சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தால் 2 டன் பெல்ட்டை 1.6 டன் என்றே கணக்கு வையுங்கள்.

ஆனால் நல்ல பெல்ட் அறுபடும் எடை, அதில் குறித்திருக்கும் எடையைப் போல் 7 மடங்கு இருக்கும்படியே செய்கிறார்கள். சாய்வு மட்டும் அதை அறுத்திருக்காது. கேஸ் கட்டிங் செய்து கிரைண்டிங் போடாத விளிம்பில் பெல்ட் உட்கார்ந்ததா என்று பாருங்கள். இறுகிய பெல்ட்டைக் கூர் விளிம்பு நொடியில் வெட்டிவிடும். மூலைக் காப்பு வைக்காமல் இரும்பு விளிம்பில் பெல்ட் போடவே கூடாது. ஓரம் கிழிந்தாலோ, தையல் பிரிந்தாலோ, லேபிள் போய்விட்டாலோ அதை வெட்டிக் குப்பையில் போடுங்கள். மூலையில் வைத்தால் யாராவது மறுபடி எடுப்பார்கள்.

கோணமானி தேவையில்லை. கட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே 3 மீட்டர் என்றால், ஒவ்வொரு பெல்ட்டும் 3 மீட்டர் இருந்தால் 60 டிகிரி வந்துவிடும். அதற்கு உயரம் இல்லாத ஷெட்டில் லிஃப்டிங் பீம் (ஹூக்கில் மாட்டும் குறுக்கு இரும்புச் சட்டம்) செய்து, அதிலிருந்து பெல்ட்டுகளைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பீமின் எடையையும் சுமையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு பெல்ட் போட்டாலும் கணக்கில் இரண்டையே எடுங்கள். விறைப்பான சுமையில் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டே பாரம் முழுவதையும் தாங்கக்கூடும்.

ஹூக் சுமையின் எடைமையத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். முதலில் 10 செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். பட்டனை விட்ட பிறகும் சுமை மெல்ல இறங்கினால் ஹாய்ஸ்ட் (தூக்கும் இயந்திரம்) பிரேக்கைப் பார்க்காமல் அடுத்த வேலை வேண்டாம்.

கேள்வி: தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புப் பிரிவில் பெல்ட்டுகள் சீக்கிரம் நைந்துபோகின்றன. ஏன்?
- வாசகர், ஆம்பூர்

பதில்: நீல லேபிள் இருந்தால் அது பாலியஸ்டர். அமிலத்தைத் தாங்கும்; காரத்தைத் தாங்காது. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் காரம். அங்கே பச்சை லேபிள் உள்ள நைலான் பெல்ட் போடுங்கள். நனைந்தால் அதன் வலு சற்றுக் குறையும் என்பதால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். தோலை அமிலக் கரைசலில் ஊறவைக்கும் பிக்ளிங் பிரிவில் இதுவே தலைகீழ்: அங்கே பாலியஸ்டர்தான், நைலான் ஆகாது. பெல்ட்டே வேண்டாம், கிரேடு 80 சங்கிலி (சுமை தூக்கும் உறுதியான எஃகுச் சங்கிலி) போடலாம் என்று நினைக்காதீர்கள். அமிலம் பட்டால் அது முன்னறிவிப்பின்றி ஒடியும். லேபிளின் நிறம் நூலைச் சொல்கிறது, பெல்ட்டின் நிறம் எடையைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கத்திரி வெயிலில் மதியம் கிரேன் அடிக்கடி டிரிப் ஆகிறது. மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலேயின் அளவை ஏற்றிவைக்கலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: வேண்டாம், மோட்டார் எரியும். சாதாரண மோட்டார்கள் 40 டிகிரி சுற்றுவெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. தகரக் கூரைக்குக் கீழே வேலூர் மே மாதத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கனமான தூக்கல்களைக் காலைக்கு மாற்றுங்கள். பட்டனைத் தட்டித் தட்டி இயக்குவதைக் குறையுங்கள். ஒவ்வொரு தொடக்கமும் மோட்டாரைச் சூடாக்கும். பிரேக் முழுதாக விடாமல் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஹூக்கை லிமிட் சுவிட்ச்சில் முட்டவிட்டு நிறுத்தலாமா?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கூடாது. ஹூக் அளவுக்கு மேல் ஏறினால் மோட்டாரை நிறுத்தும் கடைசிக் காவல் அது. தினமும் ஷிஃப்ட் தொடக்கத்தில் சுமையில்லாமல் மெதுவாக ஏற்றி, அது வேலை செய்கிறதா என்று மட்டும் சோதியுங்கள். அப்போதே ஹூக் வாயையும் அளந்துவிடலாம்: 40 மி.மீ. இருந்தது 42-ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.